கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவனின் கதை நம்மவருக்குப் புதியதன்று. தேங்காய் கடைக்காரனுடையது, உடைத்த புண்ணியம் மாத்திரம் உடைத்தவனுடையது. இக்கால வள்ளல்களோ அவனையும் விஞ்சிவிட்டார்கள். உடைத்த தேங்காயில் ஒரு சொட்டை எடுத்து, அதைக் கடைக்காரனின் கையிலேயே வைத்து, அவன் வாங்கும்போது படமும் பிடித்து, "சமூகத்திற்குத் திருப்பிக் கொடுத்தோம்" என்று பத்திரிகைகளிலே போட்டுக்கொள்கிறார்கள். கடைக்காரன் நன்றியும் சொல்லவேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு.

மேனாட்டின் பெரும் உதைபந்தாட்டக் கழகங்கள் தம்மைப்பற்றி வெளியிடும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் இக்கதை நினைவுக்கு வருகின்றது. ஆட்டக்காரர் நத்தார் காலத்தில் மருத்துவமனைக்குச் சென்று நோயுற்ற குழந்தைகளின் கட்டிலருகே நிற்பர். வறிய பகுதிப் பாடசாலைக்குப் பந்துகள் வழங்கப்படும். வேலையற்ற இளைஞருக்குப் பயிற்சி வகுப்பு நடைபெறும். இவை தீமையான காரியங்கள் என்று எவரும் சொல்லார். நோயுற்ற குழந்தையின் முகத்தில் ஒரு கணம் தோன்றும் மகிழ்ச்சியை ஏளனம் செய்பவன் மனிதனல்லன். நமது வழக்கு அந்தக் குழந்தையோடுமன்று, அதன் கட்டிலருகே நிற்கும் ஆட்டக்காரனோடுமன்று. "திருப்பிக் கொடுத்தல்" என்ற அந்தச் சொற்றொடரோடுதான் நமது வழக்கு.

அச்சொற்றொடரைச் சற்று நிறுத்திக் கவனியுங்கள். எடுத்தவனன்றோ திருப்பிக் கொடுப்பான்? ஆகவே, தம்மையறியாமலே அவர்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அப்படியாயின் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. எடுத்தது என்ன? யாரிடமிருந்து எடுத்தது? எடுத்ததில் எவ்வளவு திரும்பி வருகின்றது? எவ்வளவு திரும்பவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் அவர்களுடைய கொடையைப் புகழ்வது, தேர் செய்த தச்சனை மறந்து, முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை மாத்திரம் பாடிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நகரை எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் லிவர்பூலை எடுத்துக்கொள்வோம். அடிமை வாணிபத்திலும் பின்னர் பஞ்சு வாணிபத்திலும் கொழுத்த துறைமுகம் அது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட பிபி கம்பனியின் கப்பல்கள் நமது கொழும்பைத் தொட்டே இரங்கூனுக்குச் சென்றன. இன்று அந்நகரின் பெயர் நமது இளைஞர்களின் சிவப்புச் சட்டையிலே ஊருக்கு ஊர் உலாவுகின்றது. ஆதலால் அந்தச் சட்டையின் வரலாற்றை நாம் அறிந்திருப்பதில் தவறில்லை.

1878 ஆம் ஆண்டில் லிவர்பூலிலுள்ள புனித டொமிங்கோ மெதடிஸ்த ஆலயத்தைச் சேர்ந்த இளைஞர்கள் ஒரு குழுவை அமைத்தார்கள். அதுவே அடுத்த ஆண்டில் எவர்ட்டன் என்ற பெயரைப் பெற்றது. 1884 இலிருந்து அக்குழு அன்பீல்ட் மைதானத்தில் ஆடிவந்தது. மைதானம் ஜோன் ஹௌல்டிங் என்ற மதுவடி முதலாளியின் கையில் இருந்தது. குழு வளர்ந்தது, சனம் பெருகியது, கூடவே வாடகையும் ஏறியது. மைதானத்தில் பானங்களை விற்கும் உரிமையும் தமக்கே என்றார் முதலாளி. 1892 இல் கழக உறுப்பினர்கள் பொறுமையிழந்து, ஸ்ரான்லிப் பூங்காவின் மறுபுறத்தில் குடிசன் பார்க் என்ற வேறொரு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆளில்லாத மைதானம் கையில் எஞ்சிய முதலாளி, அதை நிரப்புவதற்காகப் புதிதாக ஒரு குழுவைக் கட்டினார். உலகப் புகழ்பெற்ற லிவர்பூல் கழகம் பிறந்த கதை இதுவே. மைதானம் யாருடையது, அதில் விளையும் வருமானம் யாருக்குச் சேரவேண்டும் என்ற வழக்கு நேற்று முளைத்ததன்று. அக்கழகத்தின் தொட்டிலிலேயே அது கிடந்தது.

முதலாளி கட்டியது வெறும் கூடுதான். அதற்கு உயிர் கொடுத்தவர்கள் யார்? துறைமுக வாசலிலே நாள்தோறும் கூடி நின்று, அன்றைய வேலைக்குத் தன் தோளைத் தொடுவார்களா என்று காத்திருந்த தொழிலாளி. சனிக்கிழமை நண்பகலுடன் வேலை முடியும் உரிமையைப் போராடிப் பெற்று, அந்த அரைநாட் கூலியில் சில பென்சுகளை வாசலிலே செலுத்தி உள்ளே சென்றவன் அவன். அவனது குரலால் புகழ்பெற்ற மேட்டுக்குக் "கொப்" என்று பெயர். 1900 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் ஸ்பியன் கொப் என்ற குன்றிலே ஏகாதிபத்தியப் போரில் மாண்டவர்களுள் லங்காஷயரைச் சேர்ந்த உழைப்பாளர் பிள்ளைகள் பலர். அவர்களின் நினைவாக 1906 இல் எழுந்த மேட்டிற்கு அப்பெயர் வாய்த்தது. பிற்காலத்தில் அக்கழகத்தைப் பெருங்கழகமாக்கிய பில் ஷாங்கிளியும் ஸ்கொத்லாந்தின் சுரங்கக் கிராமமொன்றில் பிறந்து, தாமே சுரங்கத்தில் வேலை செய்தவர். கழகத்தின் பெயரும் புகழும் பாட்டும் ஆரவாரமும் இம்மக்கள் இட்ட மூலதனம். இந்த மூலதனத்திற்கு மாத்திரம் பங்குப் பத்திரம் எழுதப்படவில்லை.

ஆரம்ப காலத்தில் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கத்திற்குச் சிறிதளவு வெட்கமாவது இருந்தது. கழகங்கள் கம்பனிகளாகப் பதிவாகியபோது, பங்குதாரர் 5 சதவீதத்துக்கு மேல் இலாபம் எடுக்கலாகாது, இயக்குநர்கள் சம்பளம் பெறலாகாது என்று அது விதித்தது. கழகம் ஊரின் சொத்து. அதை நடத்துவது ஊழியம் என்ற எண்ணத்தின் சாயல் அவ்விதியில் தெரிகின்றது. ஆனால், அந்த அமைப்பும் உழைப்பவனுக்கு நியாயம் செய்யவில்லை. ஆட்டக்காரன் வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் பெறக்கூடாது என்ற உச்ச வரம்பு 1961 வரை நீடித்தது; வேலைநிறுத்தம் செய்வோம் என்று அவர்கள் எச்சரித்த பின்னரே அது ஒழிந்தது. இன்று ஆட்டக்காரனின் பெருஞ்சம்பளத்தைச் சுட்டிக்காட்டி முதலாளியை மறைக்க முயல்வோர் இதை மறக்கலாகாது. பின்னர் 1983 இல் லண்டனின் டொட்டன்ஹாம் கழகம் தனக்குமேல் ஒரு தாய்க்கம்பனியை நிறுவிப் பங்குச் சந்தைக்குச் சென்றது. விதி கழகத்துக்கே, தாய்க்கம்பனிக்கு அன்று என்ற சட்டச் சூழ்ச்சியால் பழைய வேலி சாய்ந்தது. வேலி சாய்ந்தபின் தோட்டத்துள் யார் நுழைவார் என்று சொல்லவேண்டியதில்லை.

2007 இல் லிவர்பூல் கழகத்தை இரு அமெரிக்க முதலாளிகள் கடன்பட்டு வாங்கினார்கள். வாங்கிய கடனின் வட்டிச் சுமை கழகத்தின் தலையிலேயே விழுந்தது. வாங்கப்பட்டவனே தன்னை வாங்கியவனின் கடனை அடைக்கும் விந்தையை முதலாளித்துவத்தில் மாத்திரமே காணலாம்! 2008 இல் இரசிகர்கள் ஷாங்கிளியின் பெயரால் ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2010 இல் நீதிமன்றம்வரை சென்ற வழக்கின் முடிவில் கழகம் 30 கோடிப் பவுணுக்கு வேறோர் அமெரிக்கக் கம்பனியிடம் கைமாறியது. இன்று அதன் விலைமதிப்பு அதனிலும் பல மடங்கு. 2023-24 பருவத்தில் மாத்திரம் அதன் வருமானம் 60 கோடிப் பவுணைத் தாண்டியது.

இனி, எடுத்ததன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 2016 பெப்ரவரியில், மைதானத்தின் புதிய மேடையில் ஒரு நுழைவுச்சீட்டின் விலை 77 பவுண் வரை உயரும் என்று அறிவிக்கப்பட்டது. அம்மாதம் 6 ஆந் திகதி சண்டர்லான்ட் கழகத்துடன் ஆட்டம். ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில், ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல்களால் முன்னணியில் நின்றது. அவர்கள் சென்றபின் எதிரணி இரண்டு கோல்களைப் போட்டு ஆட்டத்தைச் சமப்படுத்தியது. கொப் மேட்டின் குரல் ஆட்டத்தின் அலங்காரமன்று, அதன் ஓர் உறுப்பு என்பதற்கு இதனிலும் மேலான சான்று வேண்டுமோ? சில நாட்களுள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை 59 பவுணில் நிறுத்தினார்கள். இந்த 18 பவுண் வித்தியாசம் எந்த வள்ளலும் திருப்பிக் கொடுத்ததன்று. மக்கள் எழுந்து நின்று மீட்டது.

அந்தப் புதிய மேடையின் அடியிலே இன்னொரு கதை புதைந்து கிடக்கின்றது. மைதானத்தை விரிப்பதற்கென 1990 களிலிருந்து அயல் வீதிகளின் வீடுகளைக் கழகம் வாங்கத் தொடங்கியது. வாங்கிய வீடுகள் பல, குடியிருப்பாரின்றி ஆண்டுக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. அடைத்த வீட்டிற்கு அடுத்த வீட்டில் எவர் மனமுவந்து வாழ்வார்? வீதிகள் களையிழந்தன. வேறு போக்கிடமற்றோர் பாழடைந்த அயலின் நடுவே காலந்தள்ளினார்கள். இறுதியில் வீடுகள் இடிக்கப்பட்டு, 2016 செப்டெம்பரில் புதிய மேடை எழுந்தது. மைதானத்தில் இருக்கைகள் ஏறக்குறைய 54,000 ஆயின. அந்த அயலில் கழகத்தின் தொண்டு நிறுவனம் பல நற்பணிகள் ஆற்றுகின்றது என்று அறிக்கைகள் கூறுகின்றன. கூரையைப் பிரித்தவனே குடை கொடுக்கும்போது, குடையின் அழகைமட்டும் பாராட்டிக்கொண்டிருத்தல் நியாயமாகுமோ?

2020 ஏப்பிரலில் நிகழ்ந்ததும் நினைவிற் கொள்ளற்பாலது. கொரோனா நோயால் ஆட்டங்கள் நின்றன. நலிந்த தொழில்கள் ஊழியரைக் கைவிடாதிருக்கும்பொருட்டு அரசாங்கம் சம்பளத்தின் 80 சதவீதத்தைப் பொதுப்பணத்திலிருந்து வழங்கியது. முந்திய கணக்காண்டில் வரிக்கு முன் 4 கோடியே 20 இலட்சம் பவுண் இலாபம் காட்டிய லிவர்பூல் கழகம், ஆட்டக்காரரல்லாத ஏறக்குறைய 200 ஊழியரை அத்திட்டத்தில் சேர்ப்பதாக 4 ஆந் திகதி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் 6 ஆந் திகதியே அம்முடிவைக் கைவிட்டு மன்னிப்புக் கோரியது. திருப்பிக் கொடுப்பதைத் தம் தர்மமெனப் பறைசாற்றுவோரின் கை, நெருக்கடி வந்த முதல் மாதத்திலேயே பொதுமக்களின் உண்டியலை நோக்கி நீண்டது. இது எவரோ ஒருவரின் குணக்கேடு அன்று. இலாபத்தைத் தனியாருக்கும் நட்டத்தைப் பொதுமக்களுக்கும் பங்கிடும் அமைப்பின் இயல்பு.

இந்நகரில் கழகங்களின் பெயரால் நல்ல பணி எதுவுமே நடக்கவில்லையோ என்று நண்பர்கள் கேட்கலாம். நடக்கின்றது, அதை மறைப்பது நேர்மையாகாது. எவர்ட்டன் கழகத்தின் சமூகப் பணி 1988 இல் தொடங்கியது. வழமையான பாடசாலையில் ஒட்டமுடியாத பிள்ளைகளுக்கென 2012 இல் அது ஒரு பாடசாலையையே திறந்தது. இவற்றில் குறைந்த சம்பளத்திற்கு உழைக்கும் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் நமது மரியாதைக்குரியவர்கள். ஆனால், அந்நகரில் பசித்தவனுக்காக எழுந்த இயக்கங்களுள் மிக உன்னதமானது எந்த முதலாளியின் மேசையிலும் பிறக்கவில்லை. 2015 இல் இரு கழகங்களின் இரசிகர்களும் ஒன்றுசேர்ந்து உணவு வங்கிகளுக்குப் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆட்டநாட்களில் மைதான வாசலிலே பெட்டி வைத்து அரிசியும் தகரத்தில் அடைத்த உணவும் திரட்டினார்கள். களத்திலே சிவப்பும் நீலமுமாக மோதுவோர், பசியின் முன்னே இரு நிறமும் கலந்த ஊதாவைத் தம் நிறமாகக் கொண்டார்கள்.

இவர்கள் பெட்டி வைத்ததோடு நின்றுவிடவில்லை என்பதே முக்கியமானது. உலகின் செல்வந்த நாடுகளுள் ஒன்றில் உழைப்பவன் ஏன் பசித்திருக்கிறான் என்று கேட்டார்கள். இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான இயன் பேர்ண் 2019 இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். உணவு ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான உரிமையாகவேண்டும் என்ற கோரிக்கையை அங்கே எழுப்பினார். தானத்துக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தானம் தன் பெட்டி என்றும் வாசலிலே இருக்கவேண்டும் என்று விரும்பும். பெட்டி இல்லாவிட்டால் வள்ளலுக்கு வேலையில்லை. தோழமையோ தன் பெட்டி தேவையற்றுப்போகும் நாளுக்காகப் போராடும்.

அத்தகைய தோழமையை விளையாட்டுலகின் அதிகார பீடங்கள் எப்படி வரவேற்கும்? 1995 செப்டெம்பரில், மறியல் வரிசையைக் கடந்து வேலைக்குச் செல்ல மறுத்த லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர் ஏறக்குறைய 500 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். போராட்டம் 1998 ஜனவரிவரை இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1997 மார்ச்சில் ஐரோப்பியப் போட்டியொன்றில் கோல் போட்ட ரொபி பௌலர், தம் சட்டையை உயர்த்தி, உள்ளே அணிந்திருந்த பனியனில் அத்தொழிலாளருக்கு ஆதரவாக எழுதப்பட்ட சொற்களை உலகுக்குக் காட்டினார். அவர் அந்நகரின் வறிய பகுதியில் பிறந்த பிள்ளை. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் அவருக்குத் தண்டப்பணம் விதித்தது. மேற்சட்டையின் மார்பிலே ஒரு மதுக் கம்பனியின் பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அதற்கு எவரும் தண்டம் விதிக்கவில்லை. ஒரு வீரன் மருத்துவமனைக் கட்டிலருகே நின்றால் அது சமூக சேவை. அவன் தன் அயலவனின் போராட்டத்தருகே நின்றால் அது குற்றம்! நோயாளிக்குப் பூங்கொத்துக் கொடுக்கலாம். நோய்க்குக் காரணம் கேட்கலாகாது.

இனி நமது எதிர்வாதிகளின் கூற்றைக் கேட்போம். "முதலாளி பணம் போடாவிடின் வெற்றிக் கிண்ணம் ஏது?" என்பர். ஜேர்மனியில் 1998 இலிருந்து ஒரு விதி உண்டு. கழகம் கம்பனியாக மாறினாலும் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும். சில கழகங்களுக்கு விலக்களித்திருப்பினும் விதி நிலைத்து நிற்கின்றது. பங்குகளில் நாலில் மூன்று உறுப்பினர் சங்கத்துக்கே உரியதான பயேர்ண் மியூனிச் கழகம் 2013 இலும் 2020 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. ஆகவே, எசமான் இல்லாவிடில் ஏர் ஓடாது என்பது எசமான் பரப்பிய வதந்தியேயன்றி வேறில்லை.

"சிறிதாவது கொடுக்கிறார்களே, அதையும் கெடுக்கலாமா?" என்பர் வேறு சிலர். எவரும் கெடுக்கச் சொல்லவில்லை. ஆனால், கொடை மனமுவந்து வருவதாயின் மனம் மாறும்போது நின்றுவிடும். உரிமையோ அப்படி நிற்பதில்லை. 2021 ஏப்பிரலில், லிவர்பூல் உட்பட ஆறு ஆங்கிலக் கழகங்களின் உரிமையாளர்கள், இரசிகரைக் கலந்து ஆலோசியாமலே, செல்வந்தக் கழகங்களுக்கான தனியான ஐரோப்பியப் போட்டியொன்றை அறிவித்தார்கள். சமூகம் சமூகம் என்று அறிக்கைதோறும் எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் சமூகம் நினைவுக்கு வரவில்லை. மக்கள் வீதிக்கு வந்தார்கள். இரண்டே நாட்களில் ஆறு கழகங்களும் பின்வாங்கின. அந்தக் கிளர்ச்சியின் தொடர்ச்சியாகவே 2025 ஜூலையில் இங்கிலாந்தில் உதைபந்தாட்ட நிருவாகச் சட்டம் நிறைவேறியது. உரிமையாளரின் தகுதியை ஆராயவும், கழகங்கள் இரசிகரைக் கலந்தாலோசிக்கச் செய்யவும் ஒரு சுதந்திரமான அதிகாரசபையை அது ஏற்படுத்துகின்றது. மக்களுக்கு உடைமையை அது தரவில்லை. வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டு வீட்டை விற்கவேண்டும் என்ற அளவிலேயே நிற்கின்றது. ஆயினும், ஒரு நூற்றாண்டுக் கொடையால் வராதது நாலாண்டுக் கிளர்ச்சியால் வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

எனவே, ஒரு கழகம் தன் ஊருக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்போருக்கு நமது விடை எளியது. தன் ஊழியர்க்கு வாழ்வதற்குப் போதிய கூலி கொடுக்கட்டும். துறைமுகத் தொழிலாளியின் பேரன் தன் கூலியில் வாங்கக்கூடிய விலையில் நுழைவுச்சீட்டை விற்கட்டும். அயல் வீதியை விலைபேசுமுன் அங்கே வாழ்வோரைக் கேட்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாகக் கணக்குப் புத்தகத்தையும் வாக்குரிமையையும் ஊராரின் முன்னே வைக்கட்டும். இவற்றைச் செய்தபின் பந்தும் புத்தகமும் வழங்குவதாயின் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம். இவற்றைச் செய்யாமல் வழங்குவது கொடையன்று. வாய்க்கு இடும் பூட்டு.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, இது கடல்கடந்த ஊரின் கதை என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். நமது கிராமங்களிலே விளையாட்டுக் கழகங்களை எழுப்பியவர்கள் சந்தாப் பணம் கொடுத்த ஏழை உறுப்பினர்கள். காடு வெட்டி மைதானம் திருத்தியவர்கள் ஊர் இளைஞர்கள். நாளை ஒரு கம்பனியார் பதாகையோடு வந்து, அப்பியாசக் கொப்பிகளை வழங்கி, மைதான வாசலிலே தம் பெயர்ப்பலகையை நாட்ட விரும்புவார். அன்று உங்கள் மாணவனின் கைகள் கொப்பியை வாங்கட்டும். அவனுக்கு அது தேவை. ஆனால், அவனுடைய வாய் ஒரு கேள்வியையும் கேட்கப் பழகியிருக்கட்டும்.

"ஐயா, தேங்காய் யாருடையது?"